முகமில்லாத ஓவியம் போருக்குச் சாட்சி சொல்லுமா?

கோடும் கறையும் நிறமும் மட்டுமே உள்ள அரூப ஓவியம் ஒரு படுகொலையைப் பேச முடியுமா? கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்களிலிருந்து யாழ்ப்பாணத்துத் தோம்பு வரை ஒரு விசாரணை.

ஆண்டிமடத்து முந்திரிக் காடுகளைத் தாண்டி, ஜெயங்கொண்டம் வழியாகத் தெற்கே போனால் கங்கைகொண்ட சோழபுரம். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் கூட்டம் பக்கத்திலிருக்கும் செங்கமேட்டுக்குப் போவதில்லை. அங்கே சில சிலைகள் இருக்கின்றன. சோழநாட்டுச் சிற்பம் என்றால் கருங்கல் என்று பழகிய கண்ணுக்கு அவை சட்டென்று வேறாகத் தெரியும். சிவந்த மணற்கல், வேறு வகை அணிகலன், வேறு வகை உடல்வாகு. காளியும் பைரவரும் கலிங்க நாட்டுக் கைகளால் செதுக்கப்பட்டவர்கள். போரில் வென்று இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். ஆயிரம் ஆண்டுகளாகிவிட்டன. வந்த கதை பலருக்கு மறந்துபோனாலும் எண்ணெயும் பூவும் நிற்கவில்லை.

அரியலூர் மாவட்டத்தின் இந்த மூலையில் போரைப் பற்றிய கலைக்குப் பஞ்சமே இல்லை. ஊரின் பெயரே ஒரு படையெடுப்பின் வெற்றி அறிவிப்பு. முதலாம் ராஜேந்திரன் (1014–1044) கங்கை வரை சென்று வென்றதற்காக எழுந்த தலைநகரம் அது. அவன் மகன் ராஜாதிராஜன் சாளுக்கியத் தலைநகரை அழித்துவிட்டுக் கொண்டுவந்த துவாரபாலகர் சிலை தாராசுரத்தில் கிடைத்தது. எந்த ஊரை அழித்து யார் கொண்டுவந்தது என்ற விவரம் அதன் பீடத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறது. இதைக் கவனிக்க வேண்டும். வென்றவனின் கலை எதை மறந்தாலும் பெயரையும் இடத்தையும் மறப்பதில்லை. அந்த ஊரில் மாண்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார் என்பதற்கு மட்டும் கல்லில் இடம் கிடைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் போர் ஓவியம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. வென்றவனுக்காக வரைந்த கை, மாண்டவர்களுக்காக வரையத் தொடங்கியது. அதில் ஒரு பிரிவினர் முகத்தையும் உடலையும் துப்பாக்கியையும் விட்டுவிட்டு அரூபத்துக்குப் போனார்கள். காஸாவின் மீது குண்டு விழும் காலத்தில் பாலஸ்தீன அரூப ஓவியர் சாமியா ஹலாபியின் கண்காட்சியை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று ரத்து செய்தபோது, பழைய கேள்வி திரும்பவும் உயிர் பெற்றது. வட்டமும் சதுரமும் வண்ணப் பட்டையும் அரசியல் பேசுமா? பேசும் என்றால் யாரிடம் பேசும்?

புகைப்படம் செய்வதும் செய்யாததும்

முதலில் எளிய வாதத்தைப் பார்த்துவிடலாம். போரைக் காட்டப் புகைப்படம் இருக்கிறது, காணொளி இருக்கிறது, கைபேசி இருக்கிறது. பிறகு ஓவியம் எதற்கு, அதிலும் ஒன்றும் தெரியாத ஓவியம் எதற்கு? இதை லேசில் தள்ளிவிட முடியாது. வியட்நாமில் 1972 ஜூன் 8 அன்று நேபாம் தீயில் உடை எரிந்து ஓடிவந்த சிறுமியின் படம் உலகின் மனசாட்சியைத் தொட்டது. நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரன் பதுங்குகுழியில் உயிரோடு அமர்ந்திருக்கும் படமும் சடலமாகக் கிடக்கும் படமும் வெளியாயின. அடுத்த மாதமே தமிழகக் கல்லூரிகளில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வீதிக்கு வந்தார்கள். எந்த அரூப ஓவியமும் இத்தனை வேகமாக ஒரு மாநிலத்தை எழுப்பியதில்லை.

ஆனால் வேகமாக எழுந்தது வேகமாகவே அடங்கியது என்பதும் உண்மை. புகைப்படம் கோபத்தைத் தருகிறது. அந்தக் கோபத்தோடு நீண்ட நாள் இருப்பதற்கான வழியை அது தருவதில்லை. ஒன்றை அடுத்து ஒன்றாகப் படங்கள் வந்து குவியும்போது, நேற்றைய குழந்தையை இன்றைய குழந்தை மறைத்துவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. இறந்தவரின் உடல் திரும்பத் திரும்பக் காட்டப்படும்போது அவர் பிணமாக மட்டுமே நினைவில் நிற்கிறார். கொன்றவன் அவருக்குக் கொடுத்த கடைசி உருவத்தையே நாமும் பரப்புகிறோம். ஓவியர்கள் சிலர் உருவத்தைக் கைவிட்டதற்கு இந்தச் சங்கடம் ஒரு முக்கியக் காரணம்.

ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2014-இல் செய்தது இதற்கு நேரடி உதாரணம். 1944 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் வதைமுகாமில், பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்கள் தப்பி வெளியே வந்தன. ரிக்டர் அந்த நான்கையும் நான்கு பெரிய திரைச்சீலைகளில் வரைந்தார். வரைந்தது போதவில்லை என்று தோன்றியது. அதன் மேல் அடுக்கடுக்காகச் சாயத்தைப் பூசி, இழுத்து, சுரண்டி, கீழே இருந்த படம் முழுவதும் மறையும் வரை வேலை செய்தார். இன்று பார்ப்பவருக்குத் தெரிவது கறுப்பும் சாம்பலும், ஊடே சிவப்பும் பச்சையும்தான். ஆனால் தொடரின் பெயர் ‘பிர்கெனாவ்’. மூலப் புகைப்படங்களும் கூடவே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அந்தப் பெயரையும் அந்தப் படங்களையும் நீக்கிவிட்டால் அது அழகான வண்ணப்பரப்பு. அவை இருப்பதால், மூடியதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பவரே சுமக்க வேண்டியிருக்கிறது.

பெட்டிச் செய்தி: போரும் தூரிகையும்

• கோயா: ஸ்பெயின் மீதான நெப்போலியன் படையெடுப்பின் கொடுமைகளைக் காட்டும் 82 அச்சோவியங்கள். 1828-இல் அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863-இல்தான் வெளியாயின.
• பிக்காசோ: 1937 ஏப்ரல் 26 அன்று குண்டுவீச்சுக்கு இரையான பாஸ்க் நகரத்துக்காக வரைந்த ‘குவெர்னிகா’. அகலம் ஏறக்குறைய 7.8 மீட்டர், உயரம் 3.5 மீட்டர். கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டுமே.
• ராபர்ட் மதர்வெல்: வீழ்ந்த ஸ்பானியக் குடியரசுக்கு இரங்கலாக, கறுப்பு முட்டை வடிவங்களும் பட்டைகளும் கொண்ட நூற்றுக்கும் மேற்பட்ட அரூப ஓவியங்கள்.
• நாஜிகள்: 1937 ஜூலையில் மியூனிக் நகரில் ‘சீரழிந்த கலை’ என்று பெயரிட்டு நவீன ஓவியங்களைக் கேலிக்குக் காட்சிப்படுத்தினார்கள்.

காயத்தை வரையவில்லை, காயப்படுத்தினார்

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு மிக ஆழமான பதிலைத் தந்தவர் சோம்நாத் ஹோர் (1921–2006). இன்றைய வங்கதேசத்தின் சிட்டகாங் பகுதியில் பிறந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தின்போது இளைஞராக, தெருவில் விழுந்து கிடந்த பசித்த உடல்களைப் பென்சிலால் வரைந்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் ‘ஜனயுத்தா’ பத்திரிகையில் அவை வெளிவந்தன. அந்தப் பஞ்சமே போரின் பிள்ளைதான். இரண்டாம் உலகப் போருக்கான பிரிட்டிஷ் அரசின் முடிவுகள் வங்கத்துச் சோற்றுப் பானையைக் காலி செய்தன. 1946-இல் வங்கத்தில் தேபாகா என்ற விவசாயிகள் போராட்டத்தை நேரில் கண்டு நாட்குறிப்பாகவும் ஓவியமாகவும் பதிவு செய்தார். ஆக, உருவம் வரையத் தெரியாததால் அரூபத்துக்குப் போனவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் வியட்நாம் எரிந்துகொண்டிருந்தது. வங்கதேசப் போர் நடந்தது. கல்கத்தா வீதிகளில் நக்சல்பாரி இளைஞர்கள் சுடப்பட்டார்கள். அப்போது ஹோர் ‘காயங்கள்’ தொடரைத் தொடங்கினார். செய்முறையைக் கவனித்தால்தான் அதன் அர்த்தம் பிடிபடும். களிமண் அல்லது மெழுகுப் பலகையைக் கத்தியால் கீறினார், குத்தினார், சூடேற்றிய கருவியால் பொசுக்கினார். அந்தப் பலகையிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்தார். அதன் மேல் காகிதக் கூழை அழுத்திக் காயவைத்து உரித்தெடுத்தார். கிடைத்தது வெள்ளைக் காகிதம். அதில் வெள்ளையாகவே வெட்டு, பிளவு, வடு. சிலவற்றில் மட்டும் சிறிதாக ஒரு சிவப்பு. மனித உருவம் கிடையாது, ஆயுதம் கிடையாது, கொடி கிடையாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் கீறல் தெரியும். கிட்டே போய், குனிந்து, உற்றுப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் அரூபத்தின் பலம் இருக்கிறது. கீறப்பட்ட உடலின் படத்தைப் பார்க்கும்போது நாம் இன்னொருவரின் துன்பத்தைப் பார்க்கும் பார்வையாளர்கள். கீறப்பட்ட காகிதத்தின் முன் அந்தத் தூரம் குறைந்துவிடுகிறது. காயம் யாருடையது என்று படம் சொல்லாததால், யாருடையது என்று கேட்கும் வேலை நம் தலையில் விழுகிறது. ஆனாலும் ஹோர் அந்தக் கேள்வியை அந்தரத்தில் விட்டுவிடவில்லை. அவருடைய பஞ்சச் சித்திரங்களும் தேபாகா நாட்குறிப்பும் இந்த வெள்ளைக் காகிதங்களுக்குப் பின்னால் சான்றாவணமாக நிற்கின்றன. வியட்நாம் மக்களுக்குக் காணிக்கையாக 1977-இல் அவர் வார்த்த வெண்கலத் தாயும் சேயும் சாந்திநிகேதனத்திலிருந்து திருடுபோய்விட்டது. அதையும் சேர்த்துப் பார்த்தால், முப்பதாண்டுக் கால அரசியல் வாழ்க்கையின் சாரமாக அந்தக் கீறல்கள் தெரியும்.

பீப்பாயும் தோம்பும்

பாக் நீரிணையின் அந்தப் பக்கம் போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கொழும்பில், போர்க்காலத்து சோதனைச் சாவடிகளில் சாலையை மறித்து வைக்கப்பட்டிருந்தவை தார் பீப்பாய்கள். ராணுவ உருமறைப்பு நிறங்கள் பூசப்பட்டு, நகரத்தின் நிரந்தரப் பொருளாகவே அவை ஆகிவிட்டன. சிங்கள ஓவியர் சந்திரகுப்த தேனுவர 1997-இல் அந்தப் பீப்பாய்களையும் உருமறைப்புத் திட்டுகளையும் எடுத்துக்கொண்டு ‘பேரலிசம்’ என்ற கண்காட்சியை வைத்தார். கியூபிசம் போல இதுவும் ஓர் இசம் என்ற கிண்டல் பெயரிலேயே இருக்கிறது. பச்சை, பழுப்புத் திட்டுகள் தனியே பார்த்தால் வெறும் அரூப வடிவங்கள். ஆனால் எதையாவது மறைப்பதற்காகவே உருவான வடிவங்கள் அவை. ஒரு நாடு எதை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்க அதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைத்திருக்காது.

தேனுவர அத்தோடு நிற்கவில்லை. 1983-இல் தமிழர்கள் வேட்டையாடப்பட்ட கறுப்பு ஜூலையின் நினைவாக, ஆண்டுதோறும் ஜூலை 23-ஐ ஒட்டிக் கண்காட்சி நடத்துவதை வழக்கமாக்கிக்கொண்டார். தன் சமூகத்தின் பெயரால் நடந்த கொடுமையைத் தன் சமூகத்திடமே, அதே நாளில், திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஓவியத்தில் முகம் இல்லாமல் போகலாம். நாட்காட்டியில் நாள் இருக்கிறது. அந்த நாள்தான் வடிவத்தை அரசியலாக்குகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் தா. சனாதனன் 2011-இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற நூலை வெளியிட்டார். போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடுதான் தோம்பு. போரால் வீடிழந்து இடம்பெயர்ந்த, தமிழ் பேசும் 80 பேரிடம் அவரவர் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போட்டுத் தரச் சொன்னார். அந்தக் கைவரைவு ஒரு தாளில். அதையே கட்டடக் கலைஞரின் முறைப்படி அளவாக வரைந்தது இன்னொரு தாளில். அதிலிருந்து பிறந்த சனாதனனின் ஓவியம் மற்றொன்றில். பதிவேட்டுக் கோப்பின் கட்டமைப்பிலேயே நூலும் இருக்கிறது. சதுரம், கோடு, கதவுக்கு ஒரு இடைவெளி என்று பார்க்க வெறும் வடிவியல். ஆனால் தரைமட்டமான ஒரு வீட்டுக்கு எஞ்சியிருக்கும் ஒரே உறுதிப்பத்திரம் அதுவாகக்கூட இருக்கலாம். குண்டு, பிணம், இரத்தம் எதையும் காட்டாமல், காணி யாருடையது என்ற கேள்வியை மேசை மீது வைத்துவிடுகிறது. இலங்கையின் வடக்கில் ராணுவம் பிடித்து வைத்த நிலங்களுக்காக மக்கள் போராடிவந்ததை அறிந்தவர்களுக்கு, இந்தக் கோடுகள் எவ்வளவு அரசியலானவை என்று விளக்க வேண்டியதில்லை.

பெட்டிச் செய்தி: இலங்கை – நாளும் நினைவிடமும்

• 1983 ஜூலை: தமிழர்களுக்கு எதிரான வன்முறை. உள்நாட்டுப் போரின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.
• 1990 அக்டோபர்: வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள்.
• 1995 அக்டோபர் 30: யாழ்ப்பாணத்தைவிட்டு மக்கள் பெருந்திரளாக வெளியேறினார்கள்.
• 2009 மே: முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை கூறியது.
• 2021 ஜனவரி 8: யாழ். பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. மாணவர் போராட்டத்துக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்டது.

ஒரே அலுவலகம், இரண்டு பாதை

தமிழகத்தில் இந்த விவாதத்தை இரண்டு ஓவியர்களின் வாழ்க்கையை வைத்தே நடத்திவிடலாம். ஒருவர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). அன்றைய ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டத்துக் கீழக்குடிக்காட்டில் பிறந்தவர். ஆண்டிமடமும் அன்று அதே மாவட்டத்தில்தான் இருந்தது. மற்றவர் கும்பகோணத்தை அடுத்த உப்பிலியப்பன் கோவில் பகுதியைச் சேர்ந்த வீர. சந்தானம் (1947–2017). இருவருமே மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969-இல் கோட்டோவியங்களாகக் காந்தியைத் தீட்டிப் புகழ்பெற்றார். கிரீடமும் பட்டாடையும் சிதைந்து தொங்கும் ராஜாக்களை மசியால் வரைந்து அதிகாரத்தின் கம்பீரத்தைக் கலைத்துப் போட்டார். பிறகு முழு அரூபத்துக்கு, நிறப் பரப்புகளுக்குப் போனார். ராஜேந்திரனின் கோயில் நிற்கும் வட்டாரத்துக்குப் பக்கத்திலிருந்து இப்படி ராஜாக்களை உரித்துக் காட்டிய ஒரு கை வந்தது தற்செயலாகவே இருக்கட்டும், பொருத்தமான தற்செயல்.

சந்தானம் நேர் எதிர் திசையில் போனார். ஈழப் போரின் பிணங்களையும் தாய்மார்களையும் வெளிப்படையாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி வரைந்தார். தஞ்சையை அடுத்த விளாரில் 2013 நவம்பரில் திறக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் முற்றத்தின் கற்சிற்பங்களுக்கு அவருடைய வரைவுகளே ஆதாரம். திறந்த சில நாட்களிலேயே அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடித்தார்கள். கேள்வி இதுதான்: ஆதிமூலத்தின் ஓவியத்தின் மீது புல்டோசர் வராது, சந்தானத்தின் சிற்பத்துக்குத்தான் வரும் என்றால், அரூபம் பாதுகாப்பான ஒதுங்குமிடம் ஆகிவிடாதா?

மூன்று ஆட்சேபங்கள்

இதுவே முதல் ஆட்சேபம், கனமானதும்கூட. அரூபம் குற்றவாளியின் பெயரைச் சொல்லாமல் தப்பிக்க வழிகொடுக்கிறது. அமெரிக்க அரூப ஓவியத்தின் வரலாறு இந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது. பனிப்போர்க் காலத்தில் அந்தப் பாணியை ‘சுதந்திர உலகின் கலை’ என்று ஐரோப்பாவில் பரப்ப உதவிய பண்பாட்டு அமைப்பு ஒன்றுக்கு சி.ஐ.ஏ. பணம் கொடுத்துவந்தது அறுபதுகளின் பிற்பகுதியில் அம்பலமானது. அரசியல் இல்லை என்பதாலேயே அது அரசியலுக்குப் பயன்பட்டது. ஆனால் இதிலிருந்து அரூபம் முழுவதையும் தள்ளிவிடுவது சரியாகாது. உருவ ஓவியத்தை ஹிட்லரும் ஸ்டாலினும் தங்கள் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள். அரூபத்தை இருவருமே அனுமதிக்கவில்லை. ஆக, விலைபோவதும் எதிர்த்து நிற்பதும் பாணியில் இல்லை. எந்தப் பெயரோடு, எந்த நாளோடு, எந்த இடத்தோடு அந்த ஓவியம் கட்டப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

அரூப ஓவியம் என்றால் அடி விழாது என்பதும் சரியல்ல. 1936-இல் ஜெருசலேமில் பிறந்து 1948-இல் குடும்பத்தோடு இடம்பெயர்ந்த சாமியா ஹலாபி, இந்தியானா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதே பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் தொடங்கவிருந்த அவருடைய கண்காட்சியை, பாதுகாப்பைக் காரணம் காட்டி, 2023 டிசம்பரில் ரத்து செய்தது. காட்சிக்கு வரவிருந்தவை பெரும்பாலும் நிறமும் வடிவமும்தான். சுவரில் மாட்டப்போவதைக் கண்டு பயந்தார்கள் என்பதைவிட, அதை வரைந்தவர் யார், எங்கிருந்து வந்தவர், எதைப் பேசிவருகிறார் என்பதைக் கண்டு பயந்தார்கள் என்றே கொள்ள வேண்டும். இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. 1956-இல் கஃப்ர் காசிம் கிராமத்தில் நடந்த படுகொலையைப் பதிவு செய்ய வந்தபோது, வாழ்நாள் முழுக்க அரூபம் வரைந்த ஹலாபி, உயிர்தப்பியவர்களிடம் கேட்டறிந்து கொல்லப்பட்டவர்களை உருவமாகவே வரைந்தார். அரூபத்தால் பெயர் சொல்ல முடியாத இடத்தில் உருவத்தைக் கையிலெடுக்க அவர் தயங்கவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் நம் ஊரில் அதிகம் கேட்பது: இதெல்லாம் சாதாரண ஜனங்களுக்குப் புரியாது. வாரப் பத்திரிகைகளின் சிரிப்புத் துணுக்குகளில் ‘மாடர்ன் ஆர்ட்’ படும் பாடு தெரிந்ததே. ஆனால் உருவமில்லாத ஒன்றின் முன் நிற்பது நம் கிராமத்துக்குப் புதிதல்ல. சண்டையில் இறந்துபோனவனுக்காக நட்ட கல்லைப் பட்டவன் என்று கும்பிடுகிறார்கள்; பல இடங்களில் அது செதுக்காத வெறும் கல், அல்லது சில செங்கற்கள். அந்தக் கல்லில் கை, கால், முகம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இன்னார் மகன், இன்ன சண்டையில், இன்ன இடத்தில் விழுந்தான் என்ற கதை அந்தக் கல்லோடு சேர்ந்தே வாழ்கிறது. கதை மறைந்தால் கல்லும் வெறுங்கல்லாகும். ஆகவே புரியாததற்குக் காரணம் அரூபம் என்பதைவிட, கதையில்லாமல் அதைத் தொங்கவிடுவது என்றே சொல்ல வேண்டும். ‘தலைப்பிடாதது’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டு, ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று குறைபடுவது நியாயமில்லை.

மூன்றாவது ஆட்சேபம், இவை கடைசியில் பணக்கார வீட்டுச் சுவருக்குத்தான் போகின்றன என்பது. உண்மைதான். சோபாவின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கப்படும்போது, போரின் காயமும் அலங்காரமாகிவிடுகிறது. ஆனால் இதற்கான மருந்தும் மேலே கண்ட உதாரணங்களிலேயே இருக்கிறது. சனாதனன் சுவரை விட்டுவிட்டு நூலுக்குப் போனார். நூலைப் பல பிரதிகள் எடுக்கலாம், நூலகத்தில் வைக்கலாம். தேனுவர சந்தையின் பருவத்தை விட்டுவிட்டு ஜூலையைத் தேர்ந்தெடுத்தார். விற்பனைக்கூடம் தீர்மானிக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓவியர் தானே தீர்மானித்தால், சந்தையின் பிடி தளரும்.

தீர்ப்பு

போருக்கு அரூப ஓவியம் சாட்சி சொல்ல முடியும். உருவம் தர முடியாத ஒன்றை, இறந்தவரைப் பிணமாக்கிக் காட்டாமல் அவருடைய இழப்பைச் சுமக்கவைக்கும் வேலையை, அது செய்கிறது. ஆனால் தனியாக அதனால் முடியாது. பெயர், நாள், இடம் ஆகிய மூன்றும் கூட வர வேண்டும். ராஜாதிராஜன் தன் வெற்றிச் சின்னத்தின் பீடத்தில் வெட்டியதும் இந்த விவரங்களைத்தான். வென்றவர்கள் மறக்காமல் செய்ததை, மாண்டவர்களுக்காக வரைபவர்கள் மறந்துவிடக் கூடாது. சந்தானத்தின் வழியும் ஆதிமூலத்தின் வழியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முற்றத்தின் சிற்பம் பெயரைக் காக்கிறது, அரூபம் அந்தப் பெயர் தரும் வலியைக் காக்கிறது. ஒன்று இடிக்கப்படலாம், மற்றது அலங்காரமாகலாம். இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டுமே தப்பிக்கும்.

இதற்குப் பெரிய அருங்காட்சியகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அரியலூர், பெரம்பலூர் பள்ளிகளில் சமாதானம் என்ற தலைப்பில் ஓவியப் போட்டி வைத்தால் வந்து விழுவது புறா, பீரங்கி, பூமி உருண்டை. அடுத்த முறை ஓவிய ஆசிரியர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். எதை வரைவது என்பதை மாணவர் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். கோடோ கறையோ எதுவானாலும் இருக்கட்டும். ஆனால் படத்தின் கீழே ஒரு வரி கட்டாயம்: எந்தப் போர், எந்த ஊர், எந்த நாள், யார். அந்த ஒரு வரியை எழுதுவதற்காக ஒரு மாணவி நூலகத்துக்குப் போனால், அந்த ஓவியம் தன் வேலையைப் பாதி முடித்துவிட்டது.